எகிப்துச் சாலையில் நின்று கேட்ட கேள்வி





நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஜெபக் குறிப்புகளே அதிகம். சுகம் வேண்டி எழுதுகிறவர்கள் ஒருபுறம். மற்றவர்கள் வெவ்வேறு கையெழுத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: தேவ சித்தம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மகளுக்கு இரண்டு இடத்திலிருந்து வரன் வந்திருக்கிறது, எதற்குச் சம்மதம் சொல்வது? வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மா இங்கே தனியாக இருப்பார், போகலாமா? வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாமா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா? இப்படிக் கேட்கிறவர்கள் எத்தனை இரவு தூங்காமல் யோசித்திருப்பார்கள் என்பது அந்த எழுத்திலேயே தெரியும்.

கூடவே ஒரு வசனத்தையும் பலர் குறிப்பிடுகிறார்கள். ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம் வந்தது, அப்படியென்றால் போகலாம் என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறார்கள். அந்த அட்டைகளை நான் லேசாக எண்ணுகிறவன் அல்ல. என் அம்மாவின் வேதாகமத்தில் ஓரம் மஞ்சளித்த அட்டைகள் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. கஷ்டமான வருடங்களில் அவரைத் தாங்கியவை அவை. ஆனாலும் அட்டையில் வசனம் மட்டும்தான் இருக்கும். அது யாருக்கு, எந்த நிலைமையில் சொல்லப்பட்டது என்பது இருக்காது. நாம் மிகவும் விரும்புகிற எரேமியா 29:11ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையான எதிர்காலத்தைத் தேவன் வாக்களிக்கிற அந்த வசனம், பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருகிறது. எழுபது வருஷம் நீங்கள் அங்கேதான் இருக்கப்போகிறீர்கள், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்பதுதான் அந்தக் கடிதத்தின் செய்தி. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும்!

அதே எரேமியாவிடம் ஒரு கூட்டம் வந்து தேவ சித்தத்தைக் கேட்ட சம்பவம், சில அதிகாரங்கள் தள்ளி, 42ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதிலிருந்து யாரும் வாக்குத்தத்த அட்டை அச்சடித்து நான் பார்த்ததில்லை. இந்த மாதம் அதைத்தான் உங்களோடு உட்கார்ந்து வாசிக்க விரும்புகிறேன்.

கி.மு. 586 வாக்கில் நேபுகாத்நேச்சாரின் சேனை எருசலேமையும் ஆலயத்தையும் சுட்டெரித்தது. ஜனங்களில் பெரும்பகுதி சிறைப்பட்டுப் போக, நிலத்தையும் திராட்சத்தோட்டங்களையும் பார்த்துக்கொள்ள ஏழைகள் விடப்பட்டார்கள். அவர்களுக்கு மேலாக கெதலியா என்ற யூதனைப் பாபிலோன் ராஜா அதிகாரியாக வைத்தான். கெதலியா மிஸ்பாவில் இருந்தான். மோவாப், அம்மோன், ஏதோம் என்று சிதறி ஓடியிருந்தவர்கள் இதைக் கேள்விப்பட்டுத் திரும்பி வந்தார்கள். திராட்சரசமும் பழங்களும் மிகுதியாகச் சேர்த்தார்கள் என்று எழுதியிருக்கிறது. எல்லாம் எரிந்து முடிந்த தேசத்தில் அப்படியும் ஓர் அறுவடை கிடைத்தது.

அந்தச் சமயத்தில்தான் ராஜவம்சத்தைச் சேர்ந்த இஸ்மவேல் பத்துப் பேரோடு மிஸ்பாவுக்கு வந்தான். கெதலியாவோடு ஒரே பந்தியில் சாப்பிட்டான். சாப்பிட்ட இடத்திலேயே எழுந்து அவனை வெட்டிக் கொன்றான். அங்கிருந்த கல்தேயப் போர்வீரர்களையும் கொன்று, மிஞ்சியிருந்த ஜனங்களைச் சிறைபிடித்துக்கொண்டு அம்மோனுக்குப் புறப்பட்டான். சேனாபதிகளில் ஒருவனான யோகனான் துரத்திக்கொண்டு போய், கிபியோனுக்குப் பக்கத்தில் அவனை எட்டி, ஜனங்களை மீட்டான். இஸ்மவேல் எட்டுப் பேரோடு தப்பி ஓடிவிட்டான்.

யோகனானை நாம் கெட்டவனாக எண்ணிவிடக் கூடாது. இஸ்மவேல் சதி செய்கிறான் என்று கெதலியாவை முன்கூட்டியே எச்சரித்தவன் அவன். உயிரைப் பணயம் வைத்து ஜனங்களை மீட்டவனும் அவனே. இப்போது அவனுக்கு இருந்த பயமும் நியாயமான பயம்தான். பாபிலோன் ராஜா வைத்த அதிகாரியும் அவனுடைய வீரர்களும் கொலையாகிவிட்டார்கள். பாபிலோன் சும்மா இருக்குமா? யார் குற்றவாளி, யார் குற்றமற்றவன் என்று விசாரித்துக்கொண்டிருக்குமா? அதனால் யோகனான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு தெற்கே வந்தான். பெத்லகேமுக்கு அருகே தங்கினார்கள். எகிப்துக்குப் போகவேண்டும் என்று அங்கே வந்திருந்ததாக 41ஆம் அதிகாரத்தின் முடிவு சொல்கிறது.

அங்கிருந்துதான் எரேமியாவிடம் வருகிறார்கள். சிறியவர்கள் முதல் பெரியவர்கள் வரை எல்லோரும் வருகிறார்கள். நாங்கள் நடக்கவேண்டிய வழியைத் தேவன் எங்களுக்குக் காட்டும்படி ஜெபம்பண்ணும் என்று மன்றாடுகிறார்கள். நன்மையானாலும் தீமையானாலும், அவர் சொல்லுகிறபடி செய்வோம், அதற்குக் கர்த்தரே சாட்சி என்று ஆணையிடுகிறார்கள். இந்த ஜெப விண்ணப்பத்தில் குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா? நம் சபையில் யாராவது இப்படி எழுந்து நின்று சொன்னால் நாம் கண்கலங்கி ஆமென் சொல்லியிருப்போம்.

பத்து நாள் சென்ற பின்பே எரேமியாவுக்குக் கர்த்தருடைய வார்த்தை உண்டானது. இந்தப் பத்து நாளை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. எரேமியா அதற்குள் நாற்பது வருஷ அனுபவமுள்ள தீர்க்கதரிசி. ஜனங்களோ மரண பயத்தில் இருக்கிறார்கள். ஒரு பதிலைத் தானே யோசித்துச் சொல்லியிருந்தாலும் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அவரோ காத்திருந்தார். தலையில் கை வைத்த கணத்திலேயே வேலை, விசா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களைத் தேடி நம்மில் பலர் பேருந்து ஏறிப் போகிறோம். அப்படிப் போகிறவர்கள் தயவுசெய்து இந்த வசனத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கவேண்டும்.

பதில் வந்தது. இந்தத் தேசத்திலேயே தரித்திருங்கள், நான் உங்களைக் கட்டுவேன், பாபிலோன் ராஜாவுக்குப் பயப்படாதிருங்கள், அவன் உங்களுக்கு இரங்கும்படி நான் செய்வேன் என்பது அதன் சாரம். எகிப்துக்குப் போனால், நீங்கள் பயந்து ஓடுகிற பட்டயமும் பஞ்சமும் அங்கேயும் உங்களைப் பிடிக்கும் என்ற எச்சரிப்பும் கூடவே வந்தது. அதைக் கேட்டதும் யோகனானும் மற்றத் தலைவர்களும், நீர் பொய் சொல்லுகிறீர், உம்முடைய எழுத்தன் பாருக்கு உம்மைத் தூண்டிவிட்டிருக்கிறான் என்றார்கள். பத்து நாள் முன்பு அதே மனிதரிடம் அழுதுகொண்டு நின்றவர்கள் இவர்கள்! எல்லோரையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போய் தக்பானேசில் குடியேறினார்கள். எரேமியாவையும் பாருக்கையும்கூட இழுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் வழி கேட்டபோதே மூட்டை கட்டியாகிவிட்டது. மிஸ்பாவும் கிபியோனும் எருசலேமுக்கு வடக்கே இருக்கின்றன, பெத்லகேமோ தெற்கே. ஏற்கெனவே எகிப்துக்குப் போகிற வழியில் வந்து நின்றுகொண்டுதான், எந்த வழியில் போகவேண்டும் என்று கேட்டார்கள். தேவனிடம் அவர்கள் எதிர்பார்த்தது கையெழுத்து மட்டுமே. 44ஆம் அதிகாரத்துக்கு வந்தால் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வருகிறது. எகிப்தில் அவர்கள் எரேமியாவிடம் வெளிப்படையாகவே பேசுகிறார்கள்: வானராக்கினிக்குத் தூபங்காட்டின நாட்களில் நாங்கள் நன்றாக இருந்தோம், அதை விட்ட பிறகுதான் எங்களுக்கு எல்லாக் குறைவும் வந்தது, இனியும் அதைச் செய்யத்தான் செய்வோம். எவ்வளவு காலமாக அது மனதில் கிடந்ததோ! தேவனிடம் வழி கேட்ட அன்றைக்கு அந்தப் பேச்சையே அவர்கள் எடுக்கவில்லை.

பாவத்தைப் பற்றி ஒரு பிரசங்கம், தேவ நடத்துதலைப் பற்றி வேறொரு பிரசங்கம் என்று நாம் தனித்தனியாகக் கேட்டுப் பழகிவிட்டோம். வேதம் அவற்றை அப்படிப் பிரிப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். நமக்குக் கிடைக்கவில்லை என்று நாம் வருந்துகிற பதில் பல நேரங்களில், கிடைத்தும் நாம் தள்ளி வைத்திருக்கிற பதில்தான்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சகோதரர் என்னைப் பார்க்க வந்தார். சபையில் மதிப்புள்ளவர், ஒழுங்காக உபவாசிக்கிறவர். வெளிநாட்டு வேலை ஒன்றுக்காக ஏழெட்டு மாதமாக ஜெபித்தும் தேவ சித்தம் தெரியவில்லை, வேதத்தை வாசித்தாலும் வறண்டு கிடக்கிறது என்றார். நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் அவருடைய தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை வந்தது. அப்பா இறந்த பிறகு வீட்டுக்கும் நிலத்துக்கும் தங்கையிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தார். கல்யாணத்துக்குத்தான் நகை போட்டுச் சீர் செய்துவிட்டோமே, அவளாகத்தான் கையெழுத்துப் போட்டாள் என்றார். தங்கை அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்ததில்லை. அவளோடு பேசினீர்களா அண்ணே என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சற்றுக் கோபமாகவே கேட்டார்.

சம்பந்தம் இருக்கிறது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனாலும் நம் குடும்பங்களில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து உட்கார்ந்து, ஜெபத்தோடு ஆரம்பித்து, அக்கா தங்கையிடம் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. மறுத்துப் பேசினால் பிறந்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுவிடும் என்று பயந்து அவர்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தில் செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகள் மோசேயிடம் வந்து தகப்பனுடைய சுதந்தரத்தைக் கேட்டார்கள். அவர்களுக்குச் சகோதரர்கள் கிடையாது. ஆகவே அந்த வழக்கும் நம் வீட்டு வழக்கும் அச்சாக ஒன்று அல்ல. ஆனால் மோசே அன்று செய்ததைப் பாருங்கள். ஊர் வழக்கம் இப்படித்தான் என்று அவர்களைத் திருப்பி அனுப்பாமல் அவர்கள் நியாயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று கர்த்தர் சொன்னார். சொத்துப் பங்கீட்டைப் பற்றித் தேவனிடம் வழி கேட்ட இஸ்ரவேலின் தலைவன் ஒருவனுக்குக் கிடைத்த பதில் அது. நாம் வேலைக்கும் விசாவுக்கும் வழி கேட்கிறோம். பாகப்பிரிவினைக்கு முந்தின இரவு எத்தனை பேர் முழங்காலில் நிற்கிறோம்?

அந்தச் சகோதரர் சில மாதம் கழித்துத் தங்கை வீட்டுக்குப் போனார். பங்கையும் எழுதிக் கொடுத்தார். அந்த வெளிநாட்டு வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. பழைய வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றார். பங்கைக் கொடுத்ததும் கதவு திறந்தது என்று சாட்சி சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. வேதம் மறுபடியும் தன்னோடு பேச ஆரம்பித்தது என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

இருபத்தைந்தாம் சங்கீதத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். தாவீது அதில் வழி கேட்கிறான். உடனே இளவயதின் பாவங்களை நினையாதிரும் என்கிறான். மறுபடி வழியைப் பற்றிப் பேசுகிறான். மறுபடி, என் அக்கிரமம் பெரிது, மன்னியும் என்கிறான். இரண்டும் ஒரே மூச்சில் மாறி மாறி வருகின்றன. அந்தச் சங்கீதத்தின் எட்டாம் வசனம் எனக்கு மிகப் பெரிய ஆறுதல். கர்த்தர் பாவிகளுக்கு வழியைத் தெரிவிக்கிறார் என்கிறது அது. நீதிமான்களுக்கு என்று எழுதியிருந்தால் நானெல்லாம் எந்த முகத்தோடு அவரிடம் போவேன்? முப்பத்திரண்டாம் சங்கீதமும் இப்படித்தான். பாவத்தை அடக்கி வைத்த நாட்களில் எலும்புகள் உலர்ந்ததும், அறிக்கை செய்ததும் மன்னிப்பு கிடைத்ததும் முதலில் வருகின்றன. அதற்குப் பிறகுதான் வழியைக் காட்டுவேன், என் கண்ணை உன்மேல் வைத்து ஆலோசனை சொல்வேன் என்ற வாக்குத்தத்தம் வருகிறது. நம் அட்டைகளில் அந்த வாக்குத்தத்தம் மட்டும் இருக்கிறது, முந்தின ஐந்து வசனங்கள் இல்லை.

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் வைத்த இடத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் அகுஸ்தீனை உதாரணம் காட்டுவதுண்டு. 386ஆம் ஆண்டு, மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அழுதுகொண்டிருந்த அவர், எடுத்து வாசி என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டு, பவுலின் நிருபத்தைத் திறந்தார் என்பது உண்மைதான். அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. ராஜசபை இருந்த நகரத்தில் சொல்லாட்சிப் பேராசிரியர். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, பெரிய உத்தியோகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் திறந்த இடம் எதைச் சொன்னது? ரோமர் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்கள் அவை. களியாட்டையும் காமவிகாரத்தையும் விட்டுவிட்டுக் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லுகிறவை. எந்த ஊருக்குப் போவது, யாரை மணப்பது என்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் அங்கே இல்லை. வருஷக்கணக்காக அவர் அறிந்தும் நாளை நாளை என்று ஒத்திவைத்த ஒன்றைத்தான் அந்தப் பக்கம் அவரிடம் கேட்டது. உத்தியோகத்தைப் பற்றிய தீர்மானமெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது. 430ஆம் ஆண்டில், வந்தாலர்கள் ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டிருந்தபோது, அதே அகுஸ்தீன் மரணப் படுக்கையில் இருந்தார். மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் சொல்லி, படுத்தபடியே அவற்றை வாசித்து அழுதார் என்று அவருடைய நண்பர் பொசிதியு எழுதியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கண்காணியாக இருந்தவர் அவர்!

நம் வீடுகளில் நன்கு தெரிந்த ஜார்ஜ் முல்லரையும் இங்கே நினைக்கிறேன். இளவயதில் தகப்பனுடைய பணத்தைத் திருடினவர், விடுதிக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் பதினாறு வயதில் சிறையில் இருந்தவர். பின்னாளில் பிரிஸ்டல் நகரில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை ஜெபத்தினாலேயே போஷித்தவர். தேவ சித்தத்தை எப்படி அறிகிறீர் என்று கேட்டவர்களுக்கு அவர் எழுதி வைத்த குறிப்பில் முதலாவது இதுதான்: அந்தக் காரியத்தில் என் இருதயத்துக்கென்று ஒரு சொந்த விருப்பம் இல்லாத நிலைக்கு முதலில் வந்துவிடவேண்டும். கஷ்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்றார். பிறகுதான் வேதவசனத்தோடு இணைந்து ஆவியானவர் காட்டுகிற வழி, அதற்குப் பிறகு சூழ்நிலைகள். வெறும் உணர்ச்சியை அவர் நம்பவில்லை. யோகனானின் கூட்டத்துக்குக் குறைவாக இருந்தது அந்த முதல் படி ஒன்றுதான்.

இதை வாசித்துவிட்டு உள்ளம் நொறுங்கிப்போகிறவர்கள் நம் வாசகர்களில் இருப்பார்கள். பதில் வரவில்லையென்றால் என்னிடம் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது போல என்று இரவெல்லாம் தன்னையே தோண்டிக்கொண்டிருக்கிற மென்மையான மனசாட்சிக்காரர்கள் அவர்கள். அவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அப்படிச் செய்யாதிருங்கள். யோபுவின் நண்பர்கள் அப்படித்தான் பேசினார்கள், தேவன் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று ஆண்டவர் அந்தப் பேச்சையே நிறுத்தினார். பவுல் ஆசியாவில் வசனத்தைச் சொல்லாதபடி தடுக்கப்பட்டார், பித்தினியாவுக்குப் போகப் பார்த்தபோதும் தடுக்கப்பட்டார். துரோவா வரை நடந்த பிறகே மக்கெதோனியா தரிசனம் வந்தது. இடையில் அவர் என்ன பாவம் செய்தார் என்று வேதம் எங்கும் தேடவில்லை. தேவன் சுட்டிக்காட்டுகிற பாவத்துக்குப் பெயர் இருக்கும், முகம் இருக்கும். ஒரு தங்கை, ஒரு கடன், ஒரு பொய்க் கணக்கு, யாருக்கும் தெரியாமல் தொடருகிற ஓர் உறவு என்று அது தெளிவாக நிற்கும். பெயரில்லாமல் வெறுமனே நெஞ்சை அழுத்துகிற குற்ற உணர்வை ஆண்டவரிடமே ஒப்படைத்துவிட்டுத் தூங்குங்கள். காத்திருப்பது தண்டனை அல்ல. எரேமியாவே பத்து நாள் காத்திருந்தார்.

பெயர் தெரிந்த ஒன்று மனதில் வந்து நின்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு எரேமியா 42, 43 அதிகாரங்களையும் 25ஆம் சங்கீதத்தையும் வீட்டாரோடு சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். யாரிடம் போகவேண்டுமோ அவர்களிடம் இந்த வாரமே போங்கள். பங்கு எழுதிக் கொடுக்கவேண்டியவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக ஒரு நாள் குறித்துவிடுங்கள். பிறகு எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் மகளின் கல்யாணத்துக்காகவும், வேலைக்காகவும், விற்கவேண்டிய வீட்டுக்காகவும் நாங்கள் உங்களோடு சேர்ந்து ஜெபிப்போம்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்